பழைய பேனரில் புதிய தலைவர்

காலை பத்து மணிக்கே பேனர் கடையில் அனல் பறந்தது. கட்சிச் செயலாளர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். முந்தின நாள், இப்போது ஆட்சியிலிருக்கும் அவருடைய தலைவர் எதிரி நாட்டு அதிபரோடு கை குலுக்கியிருந்தார். அங்கே சிறைப்பட்டிருந்த சரக்குக் கப்பல் ஊழியர்கள் பதினோரு பேரும் இன்று மதியம் விமானத்தில் வந்து இறங்குகிறார்கள். அதற்குள் விமான நிலையச் சாலையில் இருபதடி பேனர் நிற்க வேண்டும்.

"சீக்கிரம் தம்பி! எதிரி கண்ணைப் பாத்துப் பேசிருக்காரு நம்ம தலைவர். இதுக்குப் பேருதான் ராஜதந்திரம்!"

டிசைனருக்குக் கை ஓடவில்லை. அந்தப் பதினோரு பேரில் ஒருவர் அவனுடைய அக்காவின் கணவர், கப்பலில் இன்ஜின் மெக்கானிக். பிடிபட்டு மூன்று வருடம் ஆகிறது. விமானம் ஏறியதும் மாமாவைப் பேச விடுவார்கள் என்று அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். வீட்டில் தனியாக உட்கார முடியாமல் அக்காவும் கடைக்கே வந்து, கைபேசியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு காத்திருந்தாள். அந்த அழைப்பு வரும்வரை அவளுக்கு எதுவும் நிச்சயமில்லை.

அவசர வேலைக்கு எந்த டிசைனரும் வெற்றுத் திரையில் தொடங்குவதில்லை. பழைய ஃபைலைத் திறந்து, படத்தையும் தலைப்பையும் மாற்றி மெஷினுக்கு அனுப்புவதுதான் வழக்கம். கை குலுக்கும் படம் வைத்த ஃபைல் அவனிடம் ஒன்றுதான் இருந்தது. அதிலிருந்த முந்தைய ஆட்சியின் தலைவரைத் தூக்கிவிட்டு இவரை வைத்தான். மேலே ‘வரலாறு படைத்தவரே, வாழ்க!’ என்று அடித்தான். அனுப்பிவிட்டான்.

மெஷினிலிருந்து ஃப்ளெக்ஸ் மெல்ல மெல்லத் தரையில் விரிந்தது. கடைசி வரியை அக்காதான் முதலில் பார்த்தாள். வாய்விட்டே வாசித்தாள்.

"‘எதிரியோடு கை குலுக்கியவன் தேசத் துரோகி!’"

செயலாளர் துள்ளி எழுந்தார். "அடப்பாவி! யாரு சொல்லி இதைப் போட்ட?"

"நீங்க எழுதிக் குடுத்த வரிதாண்ணே. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. மாத்த மறந்துட்டேன்."

"அது அவனுங்க பேசினப்ப எழுதினது! நம்மாளு பேசினா அது வேற."

"எப்படிங்க வேற?" அக்காவின் குரல் உயரவில்லை. "அன்னைக்கும் இதே எதிரி, இதே பதினோரு பேரு. நீங்க ஊர்வலம் போனீங்க. அப்ப ஆட்சியில இருந்தவங்க பயந்து பேச்சையே நிறுத்திட்டாங்க. மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடமா?"

அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"நான் பஸ் ஏறுற எடத்துலதான்டா அந்தப் பேனர் ரெண்டு மாசம் தொங்குச்சு. மூலையில உன் கடை நம்பர்."

"ஏன்க்கா ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா, நீயும் துரோகியான்னு கேட்டுருவியோன்னு பயம்."

கேட்டிருப்பான். அன்று வீட்டில் அப்படித்தான் பேசிக்கொண்டு திரிந்தான். இப்போது நினைக்க அவமானமாக இருந்தது.

அந்த நேரத்தில் கைபேசி ஒலித்தது.

"ஏறிட்டேன்," என்றது மாமாவின் குரல். "ஜன்னலோரமா எடம் குடுத்திருக்காங்க. நம்ம வீட்டு மோட்டார் இன்னும் கர்புர்னு கத்துதா?"

"கத்துதுங்க. வந்து நீங்களே பாருங்க," என்றாள் அக்கா. மூன்று வருடமாக நெஞ்சில் கனத்த கல் இறங்க, மை காயாத ஃப்ளெக்ஸின் மேலேயே உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள். சேலையெல்லாம் தலைவர் படத்தின் மை. செயலாளர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டிசைனர் பழைய ஃபைலை அழித்தான். கத்தியை எடுத்துப் பேனரின் கீழ்வரியை நறுக்கி எறிந்தான்.

"அந்த எடத்துல ‘எதிரியை மண்டியிட வைத்தவரே’ன்னு ஒண்ணு ஒட்டிரலாமா?" என்று செயலாளர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வேண்டாம்ண்ணே, வந்து இறங்குறவங்களுக்கு ‘வாங்க’ன்னு மட்டும் போதும். நாளைக்கு அவங்க ஆட்சிக்கு வந்து பேசினாலும், துரோகின்னு இனிமே நான் அடிக்க மாட்டேன். அவன் பேசினா துரோகம், நாம பேசினா தந்திரம்னு நாம ரெண்டு நாக்கால பேசினதுலதான், எங்க மாமா வீடு வந்து சேர ரெண்டு வருஷம் கூடுதலாச்சு."