படிக்கு வெளியே ஒரு பனித்துளிப் பூ

ஹெஸ்டர் கரண்டியைக் கணவனின் உதட்டருகே கொண்டுபோனாள். பார்லிக் கஞ்சி விழுங்கப்படாமல் தாடை வழியே வழிந்தது. துடைத்துவிட்டு அடுத்த கரண்டியை எடுத்தாள்.

“போதும்,” என்றான் ஆமோஸ். “பேரிக்காத் தோட்டத்துல பூத்திருச்சா?”

எந்தப் பூ என்று அவள் கேட்கவில்லை. “பூத்திருக்கு.”

“ஒண்ணே ஒண்ணு பறிச்சிட்டு வாயேன்.”

கட்டிலின் மறுபக்கம் காலுறை பின்னிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு டோர்கஸின் கை நின்றது. “கேக்குறதப் பாரு! பனித்துளிப் பூவப் போயி வீட்டுக்குள்ளயா? எங்க நாத்தனா ஒரு தடவ கொண்டாந்து வச்சா. ஹியர்ஃபோர்டு சந்தையில வாங்கி அடைவச்ச பதினோரு முட்டையும் கூமுட்டையாப் போச்சு.”

“முட்டை வித்தவன் சேவல் கிழடா இருந்திருக்கும், டோர்கஸ்.” சிரிக்கப் போனவனை இருமல் மடக்கியது.

வசந்தத்துக்கு முந்திக்கொண்டு வரும் பூ அது. பிப்ரவரித் தொடக்கத்தில் வரும் மெழுகுவர்த்தித் திருநாளன்று பெண்பிள்ளைகள் கூடைகூடையாய்ப் பறித்துப்போய்த் தேவாலயப் பீடத்தில் வைப்பார்கள். கல்லறையிலும் வைக்கலாம். நோயாளி கிடக்கும் வீட்டுக்குள் மட்டும் ஆகாது. தலை தொங்க மண்ணோடு ஒட்டி நிற்கும் அதைக் கோடித்துணி சுற்றிய பிணம் என்பார்கள்.

இருபத்தாறு வருடத்துக்கு முன்பு இதே அறையில் காய்ச்சலில் கிடந்தாள் அவர்களுடைய ஐந்து வயது மகள் நெல்லி. அவள் கேட்டாள் என்று ஆமோஸ் ஒரு பூவைப் பறித்துவந்து, அவித்த முட்டையை நிறுத்திவைக்கும் சின்ன முட்டைக் கிண்ணத்தில் வைத்தான். பிள்ளை அதைப் பார்த்துச் சிரித்தது. மறுநாள் விடிவதற்குள் போய்விட்டது.

“நீதானே கொண்டு வந்தே,” என்றாள் ஹெஸ்டர். ஒரே ஒரு முறைதான் சொன்னாள். அதன்பின் ஒவ்வொரு பிப்ரவரியும் வேலைக்குத் தோட்டத்தின் வழியே போகாமல், ஒரு மைல் சுற்றிக்கொண்டு போனான். சுற்றிப் போகிறான் என்று தெரிந்தும் அவள் வாய் திறந்ததில்லை.

இப்போது அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பூ அவள் கையால் இந்த அறைக்குள் வரவேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்பது. கொண்டுவந்தால் அன்று சொன்னது பொய் என்றாகும். ஒருவேளை பொய்யில்லை என்றால்?

“நாளைக்குக் கொண்டு வரேன்,” என்றாள்.

“நாளைக்கா,” என்றான். குரலில் கோபமில்லை.

கீழே வந்து கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள். பிறகு ஈரக்கையோடு பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.

பேரிக்காய் மரத்தடியில் பனி திட்டுத் திட்டாக உருகியிருந்தது. முழங்கால் நனைய உட்கார்ந்து, சிறிய பூவாகப் பார்த்து நகத்தால் கிள்ளினாள். திரும்பும்போது ஓட்டமும் நடையுமாக வந்தாள். சமையலறைப் படியில் கால் வைக்கப் போனபோது தலைக்கு மேல் மாடி ஜன்னலின் மரச்சட்டம் கிறீச்சிட்டது. குளிர்காற்றுக்கு அவளே ஜன்னலிடுக்கில் திணித்து வைத்த கந்தல்கள் ஒவ்வொன்றாக முற்றத்தில் விழுந்தன. பின்பு ஜன்னல் விரியத் திறந்தது.

குளிர்காலத்தில் அந்த ஊரில் நோயாளியின் ஜன்னலைத் திறப்பது ஒன்றுக்காகத்தான். உயிர் வெளியே போக வழி வேண்டும்.

டோர்கஸ் எட்டிப் பார்த்தாள். “ஹெஸ்டர்... மேல வாம்மா.” அவள் கண் ஹெஸ்டரின் கையில் பட்டது. “ஐயோ, அத வெளியவே போட்டுட்டு வா.”

ஹெஸ்டர் குனிந்து கையைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். கால் இன்னும் படிக்கு வெளியேதான் இருந்தது. பூ வீட்டுக்குள் வரவேயில்லை.

டோர்கஸ் இரண்டு முறை கூப்பிட்டாள்.

பிறகு பூட்ஸ் மண்ணைப் படியில் வழித்துவிட்டு உள்ளே போனாள். அலமாரியின் பின்வரிசையில் கைவிட்டுத் துழாவி, நீலக்கோடு போட்ட அந்த முட்டைக் கிண்ணத்தை எடுத்தாள். தூசியை ஊதினாள். பாதிக்குத் தண்ணீர் ஊற்றிப் பூவை நிறுத்தினாள்.

தண்ணீர் தளும்பாமல், ஒவ்வொரு படியாக, மாடிக்கு ஏறினாள்.