இருபதாவது படம்

அந்தப் படத்தின் பெயரை எங்கள் சங்கத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அப்படி ஒரு விதியை யாரும் எழுதி வைக்கவில்லை. ஹால்ஷ்கா இருக்கிற அறையில் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான். தெரியாதவர் ஒரே ஒருவர்: பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த பல் டாக்டர் க்வெத்தா.

எங்கள் செஷின் ஊரில் ஆற்றுக்கு இந்தக் கரை போலந்து, அந்தக் கரை செக். கரைக்கொரு திரைப்படச் சங்கம் உண்டு. எல்லைக் கெடுபிடி தளர்ந்த பிறகு இரண்டு சங்கமும் சேர்ந்து ஒரு காரியம் செய்யலாம் என்று முடிவாயிற்று. பள்ளியை முடித்துப் போகிற பிள்ளைகள் கட்டாயம் பார்த்திருக்க வேண்டிய இருபது படங்களைத் தேர்ந்தெடுப்பது, வசந்த காலத்தில் அவற்றை இரு கரையிலும் திரையிடுவது. வியாழக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் பக்கத்து நூலகத்தின் பின்னறையில் கூடினோம். மருந்துக்கடை வைத்திருக்கும் போகுஷாவாகிய நான்தான் செயலாளர். கருவாட்டு ரொட்டி வாங்கி வைப்பதும் தேநீர் போடுவதும் சண்டை முற்றினால் ஜன்னலைத் திறப்பதும் என் வேலை.

சண்டைக்குக் குறைவில்லை. எங்கள் தலைவர் செவெரின் ரயில்வேயில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு படத்தில் பாதிப் பேராவது சாகாவிட்டால் அதை அவர் படமாகவே ஒப்புக்கொள்ள மாட்டார். க்வெத்தா அதற்கு நேர் எதிர்.

"இன்ஜினியர் சார், இதுவரைக்கும் நீங்க சொன்ன ஏழு படத்துல உயிரோட வீட்டுக்குத் திரும்பினவன் யாராவது ஒருத்தன் உண்டா?" என்று கேட்பார்.

"ஏன், குதிரை திரும்பி வரும்."

"அதையும் கடைசில சுட்டுருவாங்க."

"உங்க படத்துல மட்டும் என்ன வாழுது டாக்டர்? மூணு பேர் பீர் குடிப்பாங்க. ஒருத்தன் மீன் பிடிக்கப் போவான். மீன் கிடைக்காது. படம் முடிஞ்சுரும்."

"வாழ்க்கை அப்படித்தானே இருக்கு."

இப்படியே இலையுதிர்காலம் கழிந்தது. பட்டியல் பத்தொன்பதில் வந்து நின்றது. இருபதாவது இடத்துக்கு எங்கள் பக்கத்தார் எல்லாரும் மனதில் வைத்திருந்தது 'மலையடிவாரத்துக் கல்யாணம்'. அது பெரிய படம் ஒன்றும் இல்லை. ஆனால் மணப்பெண்ணாக வருவது எங்கள் ஹால்ஷ்கா. வெள்ளித்திரையில் முகம் காட்டிய ஒரே ஊர்க்காரி. அதைச் சேர்க்காமல் விட எங்களுக்கு மனம் வரவில்லை.

நான் அந்தப் பெயரை எழுதப் போகும்போதுதான் க்வெத்தா சொன்னார்.

"கல்யாணம் எல்லாம் இருக்கட்டும். ஒரு போலந்துப் படத்தை நீங்களே சொல்வீங்கன்னு இத்தனை வாரமா காத்துட்டு இருக்கேன். ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டேங்கிறீங்க. 'ஆறாம் சுரங்கத்தின் மனைவிகள்' இல்லாம இது என்ன பட்டியல்?"

செவெரின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். நான் ஜன்னல் பக்கம் போனேன், அறை புழுக்கமாக இல்லாவிட்டாலும்.

காரணம் இதுதான். இளம் வயதில், நாடகப் பள்ளியை முடித்துவிட்டு, கல்யாணப் பெண் வேஷமும் போட்டபின், ஹால்ஷ்காவுக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. அந்தச் சுரங்கப் படத்தின் நாயகி அவள்தான். ஊரே ரயிலடிக்குப் போய் வழியனுப்பியது. சில வாரம் படப்பிடிப்பும் நடந்தது. பிறகு ஒரு நாள் உதவியாளன் ஒருவன் வந்து பயணச்சீட்டை அவள் கையில் கொடுத்தான். இயக்குநர் நேரில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேஷம் இர்மினா என்ற இன்னொருத்திக்குப் போயிற்று. படம் உலகம் சுற்றியது. ஹால்ஷ்கா ஊர் திரும்பி, இசைப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உச்சரிப்பு சொல்லிக் கொடுத்துக்கொண்டு தங்கிவிட்டாள். பிறகு அவள் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. எங்கள் சங்கம் அந்தப் படத்தை ஒரு தடவைகூடத் திரையிடவில்லை.

ஹால்ஷ்கா தேநீர்க் குவளையைக் கீழே வைத்தாள்.

"டாக்டர் கேட்டது நல்லதாப் போச்சு. எனக்கும் ரொம்ப நாளா ஒரு சந்தேகம். உங்களுக்கெல்லாம் அந்தப் படம் ஏன் பிடிக்காமப் போச்சு?"

நான் ஜன்னலை விட்டுத் திரும்பி வந்தேன்.

"பிடிக்காம எல்லாம் இல்ல, ஹால்ஷ்கா," என்றேன்.

"பின்ன? ஒவ்வொரு வருஷமும் யாராவது சொல்வாங்கன்னு பாத்துட்டே இருப்பேன். ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. நானே சொன்னா, சொந்தக் கதைய இழுக்கறான்னு நினைப்பீங்களேன்னு வாய மூடிட்டு இருந்தேன்."

"உன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான்..." என்று செவெரின் இழுத்தார்.

ஹால்ஷ்கா அவர் பக்கம் திரும்பினாள். "இத்தனை வருஷமாவா?"

"ஆமா."

"நல்ல ஆளுங்கய்யா நீங்க," என்றாள். அது திட்டா பாராட்டா என்று எங்களுக்குப் புரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

க்வெத்தா மெதுவாகக் கேட்டார். "மன்னிக்கணும் மேடம், நான் ஏதாவது தப்பா..."

"இல்ல டாக்டர். நான் சொல்றேன், கேளுங்க. அதுல ஒரு காட்சி வரும். அடுப்படியில உக்காந்து அவ உருளைக்கிழங்கு உரிச்சிட்டு இருப்பா. பக்கத்து வீட்டுக்காரி வாசல்ல நின்னு, சுரங்கத்துல புருஷன் போயிட்டான்னு சொல்லுவா. அதை முதல்ல நான் நடிச்சேன். கத்தி கையிலேருந்து விழுந்துச்சு. முகத்தை மூடிட்டு அழுதேன். நிஜ அழுகை. விளக்குப் பிடிக்கிறவர்கூட மூக்கைச் சிந்தினார். எல்லாரும் கை தட்டினாங்க. தட்டிட்டு எல்லாருமா சாப்பிடப் போனோம். மறுநாள் எனக்கு டிக்கெட் வந்துச்சு."

"அதான் அநியாயம்," என்றார் செவெரின்.

"பொறு. படம் வந்தப்ப கடோவீட்சேவுக்கு பஸ் ஏறித் தனியாப் போனேன். அது நாசமாப் போயிருக்கணும்னு வேண்டிக்கிட்டுதான் போனேன். அந்தக் காட்சி வந்துச்சு. இர்மினா அழல. கத்தி விழல. கையில இருந்த கிழங்கை முழுசா உரிச்சு முடிச்சா. அப்புறம் உரிச்ச கிழங்கைக் குப்பை வாளியில போட்டா. தோலை எடுத்துப் பானைத் தண்ணியில போட்டா. பானையைத் தூக்கி அடுப்புல வச்சா. அவ்வளவுதான். தோல் கொதிக்குது, அவ பாத்துட்டே நிக்கிறா. கொட்டகையில ஒரு மூச்சு சத்தம் இல்ல. எனக்கு ரெண்டு நாளைக்குச் சோறு இறங்கல."

அவளே தொடர்ந்தாள்.

"நான் அழுதது என் துக்கம் மாதிரி இருந்துச்சு. அவ செஞ்சது அந்தப் பொம்பளையோட துக்கம். அதை நான் நூறு தடவை நடிச்சிருந்தாலும் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன். அதைப் பாக்காம நம்ம பிள்ளைங்க ஊரை விட்டுப் போகக் கூடாது."

செவெரின் விடவில்லை. எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றால் நீளமாகப் பேசப் போகிறார் என்று அர்த்தம்.

"ஒருத்தர மனுஷியா மதிக்காம, எடுபிடி கையில டிக்கெட்டக் கொடுத்து அனுப்பினவன். அவன் எடுத்ததை நம்ம பிள்ளைங்களுக்கு நான் காட்டணுமா?"

"அவன் மோசமானவன். நான் இல்லேங்கலையே. படம் அவனோடது மட்டும் இல்ல செவெரின். இர்மினாவோடதும்தான்."

"சரி, அதை விடு. கடைசி அரை மணி நேரம் வெறும் மேடைப் பேச்சு. வேலைநிறுத்தம், கொடி, கூட்டம். இழுவையோ இழுவை."

"அது குப்பைதான், ஒத்துக்கறேன். முன்னாடி இருக்கறதுக்காக அதைப் பொறுத்துக்கலாம்."

"பாதி குப்பையா இருக்கற படம் எப்படி இருபதுக்குள்ள வரும்?"

"டாக்டரோட மீன் படம் மட்டும் முழுசும் மாணிக்கமா?"

"என் மீனை ஏன் இழுக்கறீங்க மேடம்?" என்றார் க்வெத்தா.

அன்று முடிவாகவில்லை. படத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு வாக்கெடுப்பது என்று ஒப்புக்கொண்டோம். எங்கள் நாட்டுப் படத்தின் பிரதி எங்கள் கைக்கு எட்டவில்லை. க்வெத்தாதான் அந்தப் பக்கத்து ஆஸ்த்ராவா நகரில் தெரிந்தவர்களைப் பிடித்து, செக் மொழி எழுத்தோடு ஒரு பழைய பிரதியைக் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம், அந்தக் கரைப் பள்ளியின் கூடத்தில் திரையிட்டோம். எங்கள் ஆட்கள் வசனத்தையும் கேட்டு, கீழே ஓடும் எழுத்தையும் படித்து, மொழிபெயர்ப்பு சரியில்லை என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் செவெரினுக்கும் ஹால்ஷ்காவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். படம் தொடங்கிச் சற்று நேரத்தில் செவெரின் என் பக்கம் குனிந்தார்.

"அந்த நொண்டி ஆளு யாரு? தம்பியா?"

"கொழுந்தன்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும்: "இவ வீட்டை விட்டுப் போயிடுவாளா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "இன்ஜினியர் சார், நீங்க இந்தப் படத்தைப் பாத்ததே இல்லையா?"

"மெதுவாப் பேசு," என்றார். இருட்டிலும் அவர் காது சிவந்தது தெரிவது போலிருந்தது. பின்னால்தான் தெரிந்தது, கடைசி அரை மணி நேரத்தைப் பற்றி அவர் பேசியதெல்லாம் பழைய பத்திரிகை விமரிசனம் ஒன்றிலிருந்து எடுத்தது. ஹால்ஷ்காவை அவமானப்படுத்திய படம் ஓடும் கொட்டகைக்குள் காலெடுத்து வைப்பதில்லை என்று அவர் இருந்திருக்கிறார். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

உருளைக்கிழங்குக் காட்சி வந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை, ஹால்ஷ்காவைத்தான் பார்த்தேன். வேதனை தெரியும் என்று நினைத்திருந்தேன். அவளோ இருக்கையின் நுனிக்கு வந்து, கால்பந்து மைதானத்தில் கோல் விழப் போகும் கணத்தில் முன்னால் சாய்வார்களே, அப்படிச் சாய்ந்திருந்தாள். தோல் பானைக்குள் விழுந்தபோது, "பாத்தியா?" என்று என் கையைப் பிடித்தாள். அதில் பொறாமையின் சாயலே இல்லை. அத்தனை சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தனக்குக் கிடைக்காமல் போன ஒன்றை ஒருவரால் இவ்வளவு நேசிக்க முடியுமா என்று வியந்தேன்.

இந்தப் பக்கம் செவெரின் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

விளக்கு எரிந்ததும் விவாதம். செவெரின்தான் முதலில் எழுந்தார்.

"ஒரு விஷயம் சொல்லியாகணும். நான் இன்னிக்குத்தான் இதைப் பாக்கறேன்."

கூடத்தில் சிரிப்பு. க்வெத்தாதான் அதிகம் சிரித்தார். "பாக்காமலேயா இந்தப் போடு போட்டீங்க?"

"சிரிங்க, சிரிங்க. இன்னொண்ணும் சொல்றேன். கடைசி அரை மணி நேரத்தைக் குப்பைன்னு எழுதினவனுக்குக் கண்ணு இல்ல. மேடையில எல்லாரும் கத்தறாங்க, சரி. ஆனா கேமரா யாரைப் பாக்குது? அவளை. அவ கூட்டத்துல நின்னுட்டு ஒரு வார்த்தைகூடக் காதுல வாங்கல. அவ்வளவு பேச்சும் அவளைத் தொடலேங்கறதைக் காட்டறதுக்குத்தான் அவ்வளவு பேச்சு."

ஹால்ஷ்கா துள்ளி எழுந்தாள். "அதெல்லாம் உன் கற்பனை. அதிகாரிங்களுக்குப் பயந்து சேத்த காட்சி அது. எனக்குத் தெரியும், கதையை முதல்ல படிச்சவ நான்."

"நீ கதையைப் படிச்ச. நான் படத்தைப் பாத்தேன்."

"இன்னிக்கு ஒரு தடவை பாத்துட்டு எனக்குப் பாடம் எடுக்கறியா?"

"எடுக்கறேன். நீ அந்தக் கிழங்கைத் தாண்டி எதையும் பாக்கலை."

இதற்குமேல் அவர்களைப் பிரிக்க முடியவில்லை. வாக்கெடுப்பை நான்தான் நடுவில் புகுந்து நடத்தினேன். எல்லாக் கைகளும் உயர்ந்தன. அப்போது ஒரு சங்கடம் வந்தது. இடம் ஒன்றுதான் பாக்கி. 'மலையடிவாரத்துக் கல்யாணம்' என்னாவது? நான் தயங்குவதைப் பார்த்து ஹால்ஷ்காவே சொன்னாள்.

"அதை எடுத்துரு போகுஷா. அதுல நான் அழகா இருக்கேன். படம் சுமார்தான்."

"ஊருக்குப் பெருமை இல்லையா?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்.

"பெருமைக்கு வேணா என் போட்டோவை நூலகத்துல மாட்டிக்குங்க. பிள்ளைங்க நேரத்தை வீணாக்க வேண்டாம்."

பாலத்தில் திரும்பி வரும்போதும் இருவரும் அந்தக் கடைசி அரை மணி நேரத்தை விடவில்லை. பாஸ்போர்ட் பார்க்கும் காவலர், ஏதோ குடும்பச் சண்டை என்று நினைத்து, "வீட்ல போய்ப் பேசிக்கலாமே," என்றார். ஹால்ஷ்கா அதைக் கேட்டு, "அதுவும் சரிதான்," என்று எங்கள் எல்லாரையும் தன் வீட்டுக்கு அழைத்தாள். இத்தனை காலத்தில் அவள் வீட்டுக்குள் நான் போனது அன்றுதான். பீட்ரூட் சூப்பும் கசகசா ரொட்டியும் கொடுத்தாள். ஒளித்து வைக்க இனி எதுவும் இல்லை என்பது போல, படப்பிடிப்புக் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். இயக்குநரை அவள் நடித்துக் காட்டியபோது க்வெத்தா சிரித்துச் சிரித்துச் சூப்பைச் சிந்தினார். இவளுக்கு நடிப்பு வராது என்று முடிவு கட்டியவன் அன்று எங்களோடு இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அதைச் சொன்னால் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

வசந்தத்தில் திரையிடல்கள் தொடங்கின. ஒவ்வொரு படத்துக்கு முன்பும் சங்கத்தில் ஒருவர் இரண்டு வார்த்தை பேசுவது வழக்கம். அந்தப் படத்துக்கு ஹால்ஷ்கா ஏறினாள். இரு கரைப் பிள்ளைகளும் கூடத்தை நிறைத்துக்கொண்டு கலகலத்துக்கொண்டிருந்தார்கள். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"இதுல வர்ற பொம்பளையா நடிச்சவங்க பேரு இர்மினா," என்றாள். "அவங்க எவ்வளவு நல்லா நடிச்சிருக்காங்கன்னு சொல்றதுக்கு என்னைவிடத் தகுதியான ஆள் இந்த நாட்டுல கிடையாது. ஏன்னா அதையே முதல்ல நான் நடிச்சு, சரியா வரல."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். பிறகு இறங்கி வந்து, முன்வரிசையில் செவெரின் பிடித்து வைத்திருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.