மாலேயில் கட்டிய புதுக்கடை வீடு

2022-ஆம் ஆண்டு ஜூன் பதின்மூன்றாம் தேதி காலை, புதுக்கடை ஊருக்குத் தெற்கே செல்வதாஸ் கொத்தனாரின் நாலு சென்ட் மனையில் முதல் வரிக் கல் ஆளில்லாமல் கட்டப்பட்டது. சாந்து ஈரமாக இருந்தது. செல்வதாஸ் அந்நேரம் மாலத்தீவில், மாலே நகரத்தில், வேறு யாருடைய கட்டடத்துக்கோ முதல் வரிக் கல் வைத்துக்கொண்டிருந்தார்.

காரணம் பிறகு தெரிந்தது. முதல் கல் வைக்கையில் வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லி ஜெபிப்பது அவர் தொழில் படித்த இடத்து வழக்கம். மாலேயில் கட்டடம் யாருக்கென்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. பெயரில்லாமல் ஜெபித்துப் பழக்கமில்லாத மனிதர். கண்ணை மூடியதும் மனைவி சஜிதாவின் பெயர் வாயில் வந்துவிட்டது. அன்று முதல் அங்கே எழும்பிய கட்டடம் இங்கேயும் எழும்பியது.

மனையின் ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு மகள் ஜினிஷாவுடன் இருந்த சஜிதா, காலையில் வாசல் தெளிப்பதுபோல் சுவர்களுக்கும் தண்ணீர் ஊற்றிவந்தாள். மாலேயில் வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் இங்கேயும் வெள்ளிக்கிழமை சுவர் உயராது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்தில் சாந்து பூசும் சத்தம் கேட்பதாக ஆலயக் கமிட்டி ஆட்சேபித்தது. அந்நேரம் தானும் ஆலயத்தில் இருந்ததாகச் சஜிதா பதில் சொன்னாள். அடுத்த வீட்டுப் பகவதியம்மாள் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னது வேறு: "ஏட்டி, எனக்க மாப்பிள பக்கத்தில நின்னு கெட்டின சொவரே சாஞ்சு நிக்கிது. ஒனக்க ஆளு கடலுக்கு அங்கேருந்து நேரா கெட்டுதாரு."

மாலேயில் மனை கிடைப்பது அரிது. வீட்டோடு வீடு ஒட்டிக் கட்டுவார்கள், பக்கச் சுவரில் ஜன்னல் கிடையாது. பக்கத்து மனை காலியாக இருந்ததால் கல்லும் மணலும் கடத்துவதற்குத் தரைத்தளத்துப் பக்கச் சுவரில் ஒரு வழி விட்டிருந்தார்கள். மூன்று மாடிக்கும் தளம் போட்டபின் சஜிதா கொட்டகையிலிருந்து குடிமாறினாள். அந்த வழியாகத்தான் அவளுக்கு வெளிச்சமும் காற்றும் வந்தன. மற்ற அறைகளில் நண்பகலிலும் விளக்குப் போட வேண்டும். வீடு முடிந்ததும் வந்துவிடுவதாகச் சொன்ன செல்வதாஸ் இரண்டு கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. ஒப்பந்தக்காரர் அடுத்த கட்டடத்துக்கு விசாவைப் புதுப்பிக்கப்போவதாகப் பேச்சு அடிபட்டது.

2024 பிப்ரவரியில் மாலேயின் அந்தப் பக்கத்து மனையிலும் கட்டடம் எழும்பிவிட்டது. வழியை அடைக்கச் சொல்லிவிட்டார்கள் என்று செல்வதாஸ் போனில் தெரிவித்தார். அங்கே ஒரு ஜன்னல் விடும்படி சஜிதா கேட்டாள். கல்யாணமான நாள் முதல் அவள் அவரிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

"வரைபடத்தில ஜன்னல் இல்ல பிள்ளே. வச்சா என்னய பிளேன்ல ஏத்தி விட்டிருவானுவ."

சஜிதா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"ஏத்தி விட்டா எங்க வருவீங்க? இங்கதானே."

மறுநாள் மதியத்துக்குள் வழி அடைபட்டது; நடுவில் ஒரு ஜன்னல் இருந்தது. சஜிதா அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்புறத்துப் பலாமரத்தை வெகுநேரம் பார்த்தாள். அந்த வாரமே செல்வதாஸைத் திருவனந்தபுரம் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

மாலேயில் கட்டடத்தின் சொந்தக்காரி ஆமினத், அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்து ஜன்னல் வைத்த மடையன் யாரென்று கேட்டபடி வந்தாள். ஜன்னலுக்கு அப்பால் சுவர் இல்லை. ஒரு பலாமரம் தெரிந்தது; பக்கத்தில் ஒரு பெண் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பெண் திரும்பிப் பார்த்து, கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு, சாப்பிட்டாயா என்று சைகையில் கேட்டாள். ஆமினத் ஜன்னலை அடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பலா பழுத்த மாதத்தில் சஜிதா வெளியே நின்று கம்பி வழியாகச் சுளைகளை நீட்டினாள். உள்ளேயிருந்து ஆமினத்தின் மாசிக்கருவாடு வந்தது.

செல்வதாஸ் இப்போது பக்கத்தில் கிள்ளியூரில் ஒரு காம்பவுண்டுச் சுவர் கட்டுகிறார். கல் வைக்குமுன் வீட்டுக்காரரின் பெயரை இரண்டு தடவை கேட்டுக்கொள்கிறார். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருகிறார்.