இரண்டு தரம் வாசித்த வரி

உத்திராபதிக்கு நல்ல குரல். இளவரசி அதை ஒருநாளும் மறுத்ததில்லை. குரலைத் தவிர அந்த ஆளிடம் வேறு ஒன்றும் இல்லை என்பதுதான் அவள் வயிற்றெரிச்சல். கடலூர் கோர்ட்டில் நாளெல்லாம் டைப் அடித்துவிட்டு வந்து, அடுப்படியில் நின்றபடி அவள் கவிதை எழுதுவாள். அவர் ஜிப்பாவை மாட்டிக்கொண்டு போய்த் தன் கவிதை என்று மேடையில் வாசிப்பார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய்யும் பெண்டாட்டியுடையது.

"நோட்டீஸ்ல என் பேரையும் போடச் சொல்லுங்களேன்" என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தாள்.

"ஒன் பேரப் போட்டா எவன்டி வருவான்? பேப்பர்ல கெடந்தா அது வெறும் மை. நான் வாய் தொறந்தாதான் கவிதை."

அன்று முதல் அந்தக் குரலைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கவியரங்கத்தில் வரிகளை இரண்டு தரம் வாசிப்பது வழக்கம். முதல் தரம் காதுக்கு, இரண்டாம் தரம் கைதட்டுக்கு. உத்திராபதி மைக் முன்னால் போய் நிற்கும்வரை தாளைப் பிரிக்கவும் மாட்டார். முன்னாலேயே படித்தால் உணர்ச்சி செத்துவிடுமாம். இளவரசி இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் சிதம்பரம் கவியரங்கத்துக்கு எழுதினாள். இரண்டு தாளில் முதல் தாளை மட்டும் மடித்து அவர் ஜிப்பாவில் வைத்தாள். மற்றதைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

அவர் மழையை வாசித்தார், கடலை வாசித்தார். விசில் பறந்தது. தாளின் அடிக்கு வந்து சேர்ந்தார்.

"இதுவரை நான் வாசித்த கவிதையில்
ஒரு சொல்லும் என்னுடையதல்ல.
எழுதியவள் இளவரசி, என் மனைவி."

வாய் சொல்லி முடித்த பிறகுதான் மூளைக்கு எட்டியது. முகம் வெளுத்தது. மாட்டினான் மனுஷன் என்று இளவரசி நிமிர்ந்து உட்கார்ந்தாள். எமகாதகர், விடுவாரா? நெஞ்சில் கை வைத்து, குரலைத் தாழ்த்தி நடுங்கவிட்டு, அதே வரிகளை இரண்டாம் தரம் வாசித்தார். "மீதியை உங்கள் கண்ணீருக்கே விட்டுவிடுகிறேன்" என்று கும்பிட்டார். மண்டபமே எழுந்து நின்று தட்டியது. மனைவியை இப்படிப் போற்றிய கவிஞன் உண்டா என்று தலைவர் சால்வை போர்த்தினார்.

அவள் எழுதிய உண்மையை அவள் கண்ணெதிரே பொய்யாக்கிவிட்டார். இளவரசிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விடுவிடுவென்று மேடையேறி மைக்கைப் பிடித்தாள்.

"எறங்குடி. மானத்த வாங்காத" என்று அவர் பல்லைக் கடித்தார்.

"மீதி எங்கிட்ட இருக்குங்க" என்றாள் சபையைப் பார்த்து. "எழுதுனவ நான்தான். அழகுக்குச் சொன்ன வரி இல்ல அது."

வாசித்தாள். ஏற்றமில்லை, இறக்கமில்லை. இரண்டு இடத்தில் தடுக்கி, மேலே வாசித்தாள். அவர் கிழித்துப்போட்ட அவளுடைய முதல் கவிதை நோட்டில் தொடங்கி நடந்ததெல்லாம் அதில் இருந்தது. ஒருவரும் கைதட்டவில்லை. டீ குடிக்கக் கிளம்பியவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

அத்தனை பேர் பார்க்க இறங்கிப் போகவும் வழியில்லாமல், உத்திராபதி சால்வையோடு வாய்மூடி நின்றார். பதினாலு வருடக் குடித்தனத்தில் அவள் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.