நாற்றம் இருக்கும்வரை

மோகனாவுக்குத் தலைவலி வருவதற்கு முன்னால் வசந்த் வருவான்.

முதலில் இடது கண்ணோரம் ஒரு பொட்டு வெளிச்சம் துடிக்கும். அது ரம்பப்பல் மாதிரி வளைந்து வளைந்து பெருகும். அப்புறம் அழுகின முட்டை நாற்றம் குப்பென்று மூக்கில் ஏறும். டேனரியில் தோல் ஊறிய கழிவெல்லாம் போய்ச் சேரும் தொட்டியின் நாற்றம் அது. அது ஏறியதும் வெளிச்சத்துக்கு நடுவில் அவள் புருஷன் நிற்பான். லுங்கியை மடித்துக் கட்டி, முதுகைக் காட்டிக்கொண்டு, குனிந்து எதையோ பார்த்தபடி. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் அணைந்து, மண்டையைப் பிளக்கிற வலி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வசந்த் செத்தது தொண்ணூற்றெட்டில். ஆம்பூர்ப் பக்கம் ஒரு டேனரியில் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கினான், கேஸ் அடித்துவிட்டது. மோகனாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சேதி வந்த அன்றைக்கும் அவள் தலைவலியோடு கண்ணில் ஈரத்துணி கட்டிப் படுத்திருந்தாள். அவனோடு வேலை பார்த்த சத்தார் வாசலிலேயே நின்று மாமியார் ஜெயம்மாளிடம் சொல்லி அழுதுவிட்டுப் போய்விட்டான்.

தலைவலிக்கு வைத்தியம் சொல்லாத ஆள் தெருவில் கிடையாது. ஒருத்தி சுக்கு அரைத்துப் போடச் சொன்னாள். இன்னொருத்தி விரிஞ்சிபுரம் கோயிலுக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னாள். பூ வைக்காததால்தான் தலை சூடேறுகிறது என்று விதவையிடமே ஒரு புண்ணியவதி சொல்லிவிட்டுப் போனாள். இவர்களுக்கெல்லாம் ஒரு நாள் அந்த வலி வந்தால் தெரியும்.

ஜெயம்மாள் மட்டும் வைத்தியம் எதுவும் சொல்லவில்லை. ஜன்னலைச் சாத்துவாள், துணியை நனைத்துப் போடுவாள், பக்கத்தில் உட்கார்ந்து காதோரம் கேட்பாள்.

"நிக்கிறானா?"

"நிக்கிறாரு அத்தே."

"நாத்தம்?"

"கொடலைப் பொறட்டுது."

அதைக் கேட்டதும் கிழவி முகத்தில் ஒரு நிம்மதி வரும். "சரி, படு" என்று எழுந்து போவாள். மோகனாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். என் குடல் புரண்டால் இவளுக்கென்ன நிம்மதி என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். வேறு யாரும் இல்லாத வீட்டில் இருக்கிற ஒருத்தியையும் பகைத்துக்கொள்ள முடியுமா?

ஷூ கம்பெனியில் அவளுக்குத் தையல் லைனில் வேலை. பசை வாசனையும் டியூப்லைட்டும் சேர்ந்தால் போதும், பாதி ஷிஃப்டில் எழுந்து போக வேண்டியிருக்கும். சூப்பர்வைசர் நயீம் அகமது கெட்ட மனுஷர் இல்லை. "இன்னொருவாட்டி இப்டி போனா உன் எடத்துல வேற ஆள் போட்டுருவாங்கம்மா, என்னால நிறுத்த முடியாது" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அதற்குப் பிறகுதான் அவள் வேலூருக்கு பஸ் ஏறினாள்.

அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேத்தரின் ஒற்றைத் தலைவலிக்காரர்களை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். வெளிச்சத்தையும் நாற்றத்தையும் மோகனா சொன்னாள். புருஷன் நிற்பதைச் சொல்லவில்லை. சொன்னால் வேறு வார்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்கிற அளவுக்கு அவளுக்கு விவரம் இருந்தது.

"ஒரே வாசனை, ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்தா மத்தவங்க மூளை பழகிப்போய் விட்டுடும்" என்றார் டாக்டர். "உங்க மூளை பழகவே மாட்டேங்குது. ஒவ்வொரு தடவையும் புதுசா வந்த மாதிரி துள்ளுது. அதைக் கொஞ்சம் அமைதிப்படுத்த முடியுமான்னு பாக்கிறோம்."

பூரிக் கரண்டி மாதிரி ஒரு வளையத்தைப் பின்மண்டையில் வைத்தார்கள். உள்ளே காந்தமாம். 'டக்' என்றது. மூடிய கண்ணுக்குள் வெளிச்சம் துள்ளியது.

"பவரை இவ்ளோ கம்மியா வெச்சதுக்கே வெளிச்சம் தெரியுதா?" என்றார் டாக்டர். " மத்தவங்களுக்கு ஜாஸ்தி வெச்சாதான் தெரியும்."

வாரா வாரம் போனாள். வளையம் டக் டக்கென்று தட்டியது. யார் என்ன சொன்னாலும் சரி, தலைவலி குறைந்தது. பசை வாசனை வெறும் பசை வாசனையாக இருந்தது. முழு ஷிஃப்ட் முடித்து, பஸ்ஸில் ஜன்னலோரம் வெயிலைப் பார்த்தபடி வீடு திரும்பினாள். இத்தனை வருஷம் கழித்து அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கண்ணோரம் வெளிச்சம் வந்தது. பயந்துகொண்டே மூச்சை இழுத்தாள். நாற்றம் இல்லை. வசந்த் நின்றான். முதல் தடவையாக அசைந்தான். நிமிர்ந்து, தோள் துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு காலை முன்னால் எடுத்து வைத்தான். வெளிச்சம் அணைந்தது. வலி வரவேயில்லை.

மோகனா புழக்கடைக்கு ஓடினாள். "அத்தே! நாத்தமே இல்ல! அவரு நகர்றாரு! அவருக்கு விடுதலை கெடச்சிடுச்சு போல அத்தே!"

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஜெயம்மாள் சாம்பல் கையோடு எழுந்தாள். "துளிகூட இல்லியா?"

"துளிகூட."

"அடிப்பாவி" என்றாள் ஜெயம்மாள். "சத்தார் அன்னிக்கு சொன்னான்டி. மூடியைத் தொறந்தப்போ நிக்க முடியாத நாத்தமாம். ரெண்டு பேரும் மேலயே நின்னு எட்டிப் பாத்துனு இருந்தாங்களாம். திடீர்னு நாத்தம் இல்லாம போச்சாம். 'கேஸ் போய்டுச்சு தோஸ்த், எறங்கறேன்'னு எறங்கிட்டானாம். கேஸ் போவலடி. கேஸ் ஜாஸ்தியானா மூக்கு செத்துப்போவுமாம். போலீஸ்கூட வந்த டாக்டரு அப்புறமா சொன்னாரு."

அவன் குனிந்து எதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று மோகனாவுக்கு இப்போது புரிந்தது.

"நாத்தம் வருதுன்னு நீ சொல்ற வரைக்கும் எம்புள்ள மேல நிக்கிறான்டி. அதான் கேட்டுனு இருந்தேன்."

"எங்கிட்ட ஏன் அத்தே சொல்லல?"

"சொன்னா அப்புறம் நீ எப்டி அவனைப் பாப்பே?"

அடுத்த தடவை வெளிச்சம் வந்தபோதும் நாற்றம் இல்லை. வசந்த் இடுப்பு வரைக்கும்தான் தெரிந்தான். அதற்கடுத்த தடவை தலையும் தோளும் மட்டும். மோகனா கம்பெனி பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். டாக்டர் சொன்னதெல்லாம் உண்மை என்று அவளுக்குத் தெரியும். செத்தவன் ஆறு வருஷம் கழித்து மறுபடி சாக மாட்டான் என்றும் தெரியும். தெரிந்து என்ன செய்வது? அவன் இறங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டு முழு ஷிஃப்ட் வேலை பார்க்க அவளால் முடியாது.

வேலூருக்குப் போக வேண்டிய நாளில் அவள் போகவில்லை. காலையிலிருந்து டீகூடக் குடிக்காமல், உச்சி வெயிலில் புழக்கடையில் போய் நின்றாள். பக்கத்து வீட்டுத் தகரக் கூரை பளபளவென்று எரிந்தது. கண்ணைச் சிமிட்டாமல் அதையே பார்த்தாள். ஜெயம்மாள் குடையை எடுத்துக்கொண்டு வந்தாள். பின்னால் நின்றாள். குடையை விரிக்கவில்லை.

வெகுநேரம் கழித்து வெளிச்சம் துடித்தது. வளைந்தது. பெருகியது. நடுவில் உச்சந்தலை மட்டும், கொஞ்சம் முடி மட்டும்.

"வருதாம்மா?" என்றாள் கிழவி.

மோகனா மூச்சை இழுத்தாள். ஒன்றுமில்லை. மறுபடியும் இழுத்தாள். மூன்றாவது மூச்சில் அழுகின முட்டை நாற்றம் ஊசி மாதிரி மூக்கில் ஏறி மண்டையைப் பிளந்தது. அப்படியே மண்டியிட்டு வாந்தி எடுத்தாள். வெளிச்சத்துக்குள் வசந்த் இருமினான், கையூன்றி மேலே ஏறி உட்கார்ந்தான், துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"ஏறிட்டாரு அத்தே" என்றாள்.

ஜெயம்மாள் அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். கிழவியின் கண்ணீர் அவள் பிடரியில் விழுந்தது. "தாங்கிக்கோம்மா" என்றாள். "எம்புள்ளைக்காகத் தாங்கிக்கோ."

"தாங்கிக்கறேன் அத்தே."