எம்.பி. பாதியில் விட்ட நிரை

முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பாராளுமன்ற இணையத்தளத்தில் அன்றைய வாக்கெடுப்பு விபரம் வந்திருந்தது. எங்கள் செல்லசாமி எம்.பி.யின் பெயருக்கு நேரே ‘சமூகமளிக்கவில்லை’ என்று போட்டிருந்தார்கள். மனுஷன் அன்று முழுக்க ஆசனத்தில்தான் இருந்தார். அவர் கொட்டாவி விட்டதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது.

நான் வினோதா, அவருடைய செயலாளர். அவர் எதற்கு எப்படி வாக்களித்தார் என்று முகநூலில் போடுவதும் என் வேலைதான்.

“பட்டனை அமத்தினீங்களாய்யா?” என்று கேட்டேன்.

“ஏன் புள்ள, எனக்கு ஒரு பட்டன் அமத்தத் தெரியாதா?” என்று எரிந்து விழுந்தார்.

அடுத்த அமர்விலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே. ஆட்கள் வந்து வாக்களிக்கும் இயந்திரத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, பழுது ஒன்றும் இல்லை என்று போனார்கள். வருகைப் பதிவிலும் அவர் இல்லை. சிற்றுண்டிச்சாலையில் அவருக்கு மட்டும் தேநீர் வரவில்லையாம். பேச எழுந்து நின்றால் சபாநாயகரின் பார்வை அவரைத் தாண்டிப் பக்கத்து ஆசனத்துக்குப் போகிறதாம். அவருடைய பெயரில் கடைசியாக ஒழுங்காக விழுந்திருந்தது ஒரே ஒரு வாக்கு. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள் இருக்கும் லயக் காணிகளை உல்லாச விடுதிக் கம்பெனிகளுக்குக் குத்தகைக்குக் கொடுக்கும் சட்டமூலம், இரண்டாம் வாசிப்பு, ‘ஆதரவு’.

அந்த வாக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. பொகவந்தலாவைப் பக்கம் அப்படி ஒரு லயத்தில்தான் என் அம்மா இருக்கிறாள். எதிர்த்து வாக்களிப்பேன் என்று வாக்கெடுப்புக்கு முந்தின வாரம்தான் அங்கேயே வந்து, சாமி முன்னால் நின்று சொன்னவர் இவர்.

கவ்வாத்து தொடங்கும் நாளில், தேயிலைச் செடிகளை வெட்டுவதற்கு முன்னால், மலையில் கல் நட்டு கவ்வாத்து சாமியைக் கும்பிடுவோம். கத்திகளெல்லாம் கல்லின் முன்னால் கிடக்கும். கங்காணி பொன்னையா, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிடுவார். பதில் சொன்ன ஆள் தன் கத்தியை எடுத்துக்கொண்டு தன் நிரையில், அதாவது தனக்கு ஒதுக்கிய செடி வரிசையில், இறங்க வேண்டும். எங்கள் மலையில் அன்றைக்குத் தொட்ட நிரையைப் பாதியில் விட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போனதில்லை. லயத்தில் பிறந்த செல்லசாமிக்கு இது தெரியாதா என்ன? அந்தச் சடங்குக்கு வந்தவர், நானும் உங்களில் ஒருத்தன் என்று காட்ட, தன் பெயரையும் கூப்பிடச் சொன்னார்.

“செல்லசாமி!”

“இருக்கேங்க!”

ஒரே கைதட்டல். கத்தி மேல் சத்தியம் செய்தார், நாலைந்து செடி வெட்டினார், படம் எடுத்துக்கொண்டோம். உடனே நுவரெலியாவில் ஒரு கல்யாணம் என்று கிளம்பிவிட்டார்.

“ஐயா, நெரை பாதியில நிக்குதுங்க” என்றார் பொன்னையா.

“யாராச்சும் முடிச்சிருங்கண்ணே.”

“ஒருத்தர் தொட்டத இன்னொருத்தர் தொட மாட்டோங்க.”

எம்.பி. அதற்குள் வாகனத்தில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டார்.

விடுமுறை எடுக்காமல் மூன்று மாதம் சபைக்கு வராவிட்டால் ஆசனம் பறிபோகும். அந்தக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் அவரே என்னிடம் வந்து, “சாமி குத்தமாத்தான் இருக்கும், அந்த நெரைய முடிச்சிட்டு வந்திருவோம் வினோதா” என்றார். நாங்கள் மலைக்குப் போன அன்று சாயங்காலம்தான் அதே சட்டமூலத்தின் மூன்றாம் வாசிப்பு. வாக்குகள் இரண்டு பக்கமும் இழுபறியில் இருந்தன.

“வோட்டு எப்படிங்கய்யா?” என்றேன்.

“கட்சி சொன்னபடிதான். நெரை வேற, வோட்டு வேற.”

நான் போய் வாகனத்தில் ஏறினேன்.

விடியலில் மலைக்குப் போனபோது பனி கொட்டிக்கொண்டிருந்தது. வெட்டி முடித்த செடிகளின் நடுவே அவர் விட்ட பாதி நிரை மட்டும் இடுப்புக்கு மேலே வளர்ந்து நின்றது. கீழே பெரட்டு நடந்துகொண்டிருந்தது. பொன்னையா ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்.

“செல்லசாமி!”

“இருக்கேங்க!”

எம்.பி. என் பக்கத்தில் நின்றார். அவர் வாயைத் திறக்கவில்லை. குரல் மேலேயிருந்து, அந்த நிரைப் பக்கமிருந்து வந்தது. அது அவருடைய குரல்தான்.

“யாருண்ணே அது?” என்றார் எம்.பி.

“நீங்கதாங்க” என்றார் பொன்னையா, சாதாரணமாக. “தெனமும் வாறீங்களே. பனியில மொகம் தெரியாது. கூப்பிட்டா பதில் வரும்.”

“பேர வெட்டிற வேண்டியதுதானே கங்காணி?” என்றேன் நான்.

“நெரை முடியாம பேர எப்படி வெட்டுறது புள்ள?”

எம்.பி. கத்தியை வாங்கிக்கொண்டு ஏறினார். கொஞ்ச தூரத்திலேயே பனி அவரை மூடிவிட்டது. செடி வெட்டுப்படும் சத்தம் மட்டும் கேட்டது. அப்போதுதான் கட்சியிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. வாக்கெடுப்பை முன்னதாகவே வைக்கப்போகிறார்களாம், உடனே புறப்படச் சொன்னார்கள்.

“ஐயா!” என்று கத்தினேன்.

“இருக்கேங்க!” என்று பதில் வந்தது.

கத்தியில்லாமல் இறங்கி வந்தார். வழக்கமாகப் பின் ஆசனத்தில் சாய்ந்துகொள்கிறவர், சாரதி பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார். நிரை முடிந்ததா என்று கேட்டேன், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கினிகத்தேனையைத் தாண்டிய பிறகு தண்ணீர்ப் போத்தலைக் கொடுக்கும்போது அவர் கை என் கையில் பட்டது. உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. எம்.பி.யின் கை பஞ்சு மாதிரி இருக்கும், எனக்குத் தெரியும். பயத்தில் நான் அதற்குப் பிறகு அவரை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

சாயங்காலம் விபரம் வந்தது. ‘செல்லசாமி - எதிர்ப்பு.’ சட்டமூலம் தோற்றுப்போனது. அம்மா போன் பண்ணி அழுதாள், நானும் அழுதேன்.

மறுநாள் காலை, கொழும்பில் எம்.பி.மார் விடுதியில் இருந்தோம். கட்சிக்காரர்கள் மாறி மாறி வந்து திட்டிவிட்டுப் போனார்கள். அவர் தரையில் குந்திக்கொண்டு, உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கி நக்கி வெறும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். என் போன் அடித்தது. பொன்னையா.

“என்ன புள்ள, ஐயாவ மலையிலேயே விட்டுட்டுப் போயிட்டீங்க? இன்னைக்கும் பெரட்டுல நிக்கிறாரு. கையெல்லாம் கொப்புளம். கொழும்புக்குப் போகணும், வோட்டுப் போடணும்னு ஒரே அழுகை.”

பின்னால் அந்த அழுகை எனக்கும் கேட்டது. தரையில் குந்தியிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு கேட்டேன்.

“நெரை முடிஞ்சிருச்சா கங்காணி?”

“எங்க? இன்னும் நிக்குது.”

“முடிச்சிட்டு வரச் சொல்லுங்க” என்று சொல்லி போனை வைத்தேன்.