தனிச் சுற்று

1970ஆம் ஆண்டு சித்திரை வருடப்பிறப்புக்குத் தொண்டைமானாற்றுச் சனசமூக நிலையத்தார் ஒரு நெடுந்தூர வீதியோட்டம் வைத்தார்கள். வல்வெட்டித்துறைச் சந்தியில் தொடங்கி, ஆற்றுப் பாலத்தைக் கடந்து, கடற்கரை வீதியால் பலாலி வரை போய்த் திரும்பிச் செல்வச்சந்நிதி வாசலில் முடிக்கவேண்டும். அருளம்பலம் அதற்குப் பெயர் கொடுத்திருந்தான். அவனுடைய பதினாறு வயதுத் தங்கை குணலட்சுமி பாலத்தடியில் தண்ணீர்ப் போத்தலோடு நின்றாள். அவன் வந்ததும் போத்தலை நீட்டிக்கொண்டு கூடவே ஓடினாள். அவன் குடித்து முடித்துப் போத்தலைத் திருப்பிக் கொடுத்தான். அவள் நிற்கவில்லை.

“வீட்டை போடி!” என்றான் அருளம்பலம் மூச்சு வாங்கியபடி.

“உந்த வளைவு மட்டும் அண்ணை.”

வளைவு போயிற்று, அடுத்த வளைவும் போயிற்று. பலாலிக்குக் கிட்ட அருளம்பலத்துக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள, அவன் வேலியோரம் குந்திவிட்டான். குணலட்சுமி பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடி வந்து, மூன்று ஆண்களுக்குப் பின்னால் சந்நிதி வாசலை அடைந்தாள். பாதி வழியில் சேர்ந்தவளுக்குப் பரிசு கிடையாது என்றார்கள். அது நியாயம்தான். அடுத்த ஆண்டு அவள் வல்வெட்டித்துறைச் சந்தியிலேயே போய் நின்றாள். பெண்பிள்ளை ஓடக்கூடாது என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை. அப்படி ஒருத்தி வருவாள் என்று யாரும் நினைத்திராததுதான் காரணம். அந்த முறையும் நாலாவது. நாலாம் பரிசு ஆண்களுக்கான சவரப் பெட்டி. மேடையில் அதை வாங்கியபோது ஊரே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டு அதை அண்ணனிடம் கொடுத்தாள்.

தகப்பன் முத்துக்குமாரு வள்ளம் வைத்து மீன்பிடிப்பவர். அதிகம் கதைக்கமாட்டார். “விடியக் காத்தாலை ஓடட்டும். ஆனா தனிய ஓடக்கூடாது” என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அருளம்பலம் சைக்கிளில் அவளோடு வந்தான். பாலத்தைத் தாண்டிப் போகும்போது கீழே கடனீரேரியில் இறால் பிடிப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். வாடைக்காற்று முகத்தில் அடிக்கும் மாதங்களில் அவன் சைக்கிளை அவளுக்கு முன்னால் விட்டுக் காற்றை மறிப்பான். சோளகக் காற்று அடிக்கும்போது பின்னால் வருவான். வழிநெடுகப் பழைய சினிமாப் பாட்டுகளைச் சுருதி பிசகப் பாடுவான். அவளுக்குப் பதில் சொல்ல மூச்சு இருக்காது. ஆனால் அவன் பாட்டில் விட்டுவிடும் சொற்களை மனதுக்குள் அவள் போட்டுக்கொள்வாள்.

எழுபத்துமூன்றில் கொழும்பில் நடந்த தேசியப் போட்டியில் ஆயிரத்தைந்நூறு மீற்றரில் முதலாவதாக வந்தாள். அடுத்த ஆண்டும் அவளே. பிறகு மூவாயிரம் மீற்றர். யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் படம் வந்தது. சுன்னாகத்துக்குப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உடற்பயிற்சி ஆசிரியை வேலையும் கிடைத்தது. ஆனால் குடாநாட்டில் அந்தத் தூரங்களை ஓடுகிற வேறு பெண் ஒருத்தியும் இருக்கவில்லை. மாவட்டப் போட்டிகளில் தனியே ஓடித் தனியே முடிப்பாள். நேரம் குறிப்பவர் மணிக்கூட்டைப் பார்த்துத் தலையாட்டுவார். கொழும்புப் பயிற்சி முகாமிலோ ஏனைய பெண்கள் சிங்களத்தில் கதைத்துச் சிரிப்பார்கள். அவளைக் கண்டால் அன்பாகத்தான் இடம் விட்டு நகர்ந்து இருப்பார்கள், பிறகு பேச்சுத் தொடரும். அவள் பையைத் திறந்து அம்மா கட்டித் தந்த பனம்பழப் பினாட்டை எடுத்துக் கடித்துக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்ப்பாள்.

எழுபத்தைந்தில் அருளம்பலத்துக்குக் கப்பலில் வேலை கிடைத்தது. கிரேக்கக் கொம்பனி ஒன்று. போகிறதுக்கு முதல் நாளும் அவன் சைக்கிளில் வந்தான். பாட்டு இல்லை. திரும்பி வரும்போது பாலத்தில் நிறுத்தினான்.

“நான் போனா ஆர் உன்னோடை வாறது?”

“ஒருத்தரும் வேண்டாம். எனக்குப் பாதை தெரியும்தானே அண்ணை.”

“பாதை காட்டவே நான் வந்தனான்?”

அவள் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “போயிட்டு வா. ஐயாவுக்கு வயசு போகுது. நீ உழைக்கத்தான் வேணும்.”

தனிய ஓடக்கூடாது என்ற தகப்பனும் பிறகு அதைப்பற்றிப் பேசவில்லை. ஊரும் பழகிக்கொண்டது. கருக்கலில் கன்வஸ் சப்பாத்துச் சத்தம் கேட்டால் வீடுகளில் “குணம் போறாள், நேரமாச்சு” என்று எழும்பி அடுப்பு மூட்டினார்கள். தன்னை ஒரு மணிக்கூடாக்கிவிட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றும். மணிக்கூட்டோடு யார் கதைப்பார்கள்?

எழுபத்தேழில் தெற்கில் தமிழருக்கு எதிரான கலவரம். அந்த ஆண்டு அவள் கொழும்புக்குப் போகவில்லை. ஆனால் ஓடுவதை ஒரு நாளும் விடவில்லை.

பெண்களுக்குப் பத்தாயிரம் மீற்றர் என்பது அப்போதுதான் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கியிருந்தது. 1979இல் பாங்கொக்கில் நடந்த ஓர் அழைப்புப் போட்டிக்கு அவளைத் தெரிவு செய்தார்கள். அவளுக்கு இருபத்தைந்து வயது. வீட்டில் அம்மா தங்கமுத்து அதே மாதம் மயிலிட்டியில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைக்குச் சொந்தமாக இரண்டு இயந்திரப் படகுகள். “போட்டி முடியட்டும், பேந்து பாப்பம்” என்றாள் குணலட்சுமி. மாப்பிள்ளை வீட்டாரும் காத்திருந்தார்கள். ஓடி வெல்லப் போகிற பெண் என்பதில் அவர்களுக்கும் கொஞ்சம் பெருமைதான்.

பாங்கொக் மைதானம் அவள் கண்டிராத செந்நிற ரப்பர்த் தரை. காலை வைத்தால் தரையே தூக்கிவிடுவது போல இருந்தது. இருபத்தைந்து சுற்று ஓடவேண்டும். துப்பாக்கி வெடித்த முதல் சுற்றிலேயே யப்பான்காரிகளும் கொரியக்காரிகளும் ஒரே கூட்டமாக முன்னே போய்விட்டார்கள். அவர்களைப் பிடிக்க முடியாது என்பது மூன்றாவது சுற்றில் அவளுக்கு விளங்கியது. பயமாக இருந்தது, பிறகு பயம் போய் வெறுமை வந்தது. ஊரில் ஆறு மைல் ஓட்டத்தில் தன்னைவிட வேகமான பெண் இல்லை என்பதையே அவள் இத்தனை ஆண்டும் தன் அளவாக வைத்திருந்தாள். இங்கே முன்னால் போனவர்கள் ஒரு முழுச் சுற்றால் அவளைத் தாண்டினார்கள். இன்னொரு முறையும் தாண்டினார்கள். தாண்டும்போது அவர்கள் மூச்சு அவள் தோளில் பட்டது. அவர்களில் ஒருத்திகூட அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசிச் சுற்றுக்கான மணி வென்றவளுக்கு அடித்தது. பிறகு ஒவ்வொருவராக முடித்துப் புல்லில் விழுந்தார்கள். குணலட்சுமி முடிவுக் கோட்டைக் கடந்தபோது அங்கே நின்ற அதிகாரி ஒருவர் கையை உயர்த்தி, சிரித்து, “முடிந்தது, முடிந்தது” என்று ஆங்கிலத்தில் சொன்னார். தடை ஓட்டத்துக்கான மரச் சட்டங்களைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் ஏற்கனவே உள்ளே வரத் தொடங்கியிருந்தார்கள்.

அவளுக்குத் தெரியும், முடியவில்லை. இன்னும் ஒரு சுற்று இருக்கிறது.

நின்றிருக்கலாம். எண்ணுகிறவர்கள் பிழை விட்டார்கள், அவள் என்ன செய்வாள்? நெஞ்சு எரிந்தது, தொடை கல்லாகியிருந்தது. ஒரு கணம் கால் தளர்ந்தது. பிறகு அவள் அதிகாரியைப் பார்த்து ஒரு விரலைக் காட்டி, “இன்னும் ஒன்று” என்று ஆங்கிலத்தில் கத்திவிட்டு ஓடினாள். சட்டம் தூக்கியவர்கள் விலகினார்கள். பார்வையாளர்கள் தேநீர் வாங்க எழுந்துகொண்டிருந்தார்கள். அணி முகாமையாளர் நீளம் பாய்தல் நடந்த பக்கத்தில் நின்றார். அந்தப் பெரிய வட்டத்தில் அவள் ஒருத்தி. தன் காலடி தவிர வேறு சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. இந்தச் சுற்றைத்தான் நான் நல்லாகப் பழகியிருக்கிறேன் என்று அவளுக்குத் தோன்றியது. கடைசி வளைவில் வேகத்தைக் கூட்டினாள். யாருக்காக என்று அவளுக்கே தெரியவில்லை.

முகாமையாளர் பிறகு வந்து, “முடிச்சிட்டீரா?” என்று கேட்டார். ஓமென்றாள். அவளுடைய நேரம் நாட்டின் எந்தப் பெண்ணும் அதுவரை ஓடாத நேரம் என்பது அடுத்த நாள் முடிவுத் தாளைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதையும் அவள்தான் கணக்குப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

ஊர் திரும்பியபோது சந்தியில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். நாதஸ்வரம், மாலை, பட்டாசு. அவளை மேடையில் இருத்தினார்கள். முன்வரிசையில் மயிலிட்டிக்காரர் குடும்பமாக வந்து இருந்தார்கள். சனசமூக நிலையத் தலைவர் செல்வநாயகம் ஒலிவாங்கியைப் பிடித்து, எங்கள் ஊர்ப் பிள்ளை ஆசியாவையே ஓட்டத்தில் வென்று வந்திருக்கிறாள் என்று முழங்கினார். அவருக்கு யார் அப்படிச் சொன்னார்களோ தெரியாது. கைதட்டல் நீண்டது. அவளைப் பேசச் சொன்னார்கள்.

குணலட்சுமி எழுந்து நின்றாள். கூட்டத்தைப் பார்த்தாள். தகப்பன் ஓரமாக, சால்வையைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்றார்.

“நான் வெல்லேல்லை. கடைசியா வந்தனான்.”

ஒலிவாங்கி அதைக் கடற்கரை வரை கொண்டுபோனது.

“இருபத்தைஞ்சு சுத்தும் ஓடினனான். அவ்வளவுதான். எல்லாருக்கும் நன்றி.”

பின்னால் யாரோ ஒருவன் சிரித்தான். செல்வநாயகம் அவசரமாகத் தேவாரம் பாடச் சொன்னார். மயிலிட்டிக்காரர் தேவாரம் முடியுமுன் எழுந்துவிட்டார்கள்.

வீட்டில் அம்மா மாலைகளைக் கொடியில் எறிந்தாள். “ஏன் பிள்ளை உதைச் சொன்னனீ? ஆர் கேட்டது உன்னட்டை?”

“பொய்யை வைச்சுக்கொண்டு நாளைக்கு உந்த ரோட்டிலை எப்படியம்மா ஓடுறது?”

“ஓட்டம், ஓட்டம்! அவையள் இனி வரமாட்டினம், தெரியுமே?”

“தெரியும்.”

முத்துக்குமாரு சாப்பிடும்போது தன் சோற்றுக் கோப்பையிலிருந்த பெரிய மீன் துண்டை எடுத்து மகளின் கோப்பையில் வைத்தார்.

மயிலிட்டிக்காரர் வரவில்லை. வேறு யாரும் வரவில்லை. பாடசாலையில் மற்ற ஆசிரியைகள் பாங்கொக்கைப்பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவமானப்பட்டவளை நோகடிக்கக்கூடாது என்ற நல்ல எண்ணம். கேட்டிருந்தால் அவள் அந்தச் சுற்றைப்பற்றிச் சொல்லியிருப்பாள். அண்ணன் எந்தக் கடலில் நிற்கிறான் என்றே தெரியவில்லை. அந்தச் சுற்று அவளுக்குள்ளேயே கிடந்தது.

அடுத்த ஆண்டு கொழும்பில் தேசியப் போட்டியில் முதல்முறையாகப் பெண்களுக்குப் பத்தாயிரம் மீற்றர் சேர்த்தார்கள். ஐந்தே பேர். அவர்களில் சுமனாவதி என்றொருத்தி, குருநாகல் பக்கத்துக் கிராமத்தவள், ஒல்லி, வெறுங்காலோடு ஓடுகிறவள். முந்திய ஆண்டுகளில் மூவாயிரத்தில் எப்போதும் குணலட்சுமிக்குப் பின்னால் வந்தவள். ஓட்டத்துக்கு முன் கால்களை உதறிக்கொண்டு நின்ற குணலட்சுமியிடம் அவள் நேரே வந்தாள். இருவருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் பள்ளிக்கூட ஆங்கிலம்.

“பாங்கொக்கில் உன்னை ஒரு சுற்றுக்கு முன்னமே நிறுத்தப் பார்த்தார்களாமே?”

குணலட்சுமி திடுக்கிட்டாள். “யார் சொன்னது?”

“நீளம் பாய்ந்த எங்கள் பெண் பார்த்திருக்கிறாள். நீ திரும்ப ஓடினாயாம்.” சுமனாவதி அவள் நேரத்தை வினாடி பிசகாமல் சொன்னாள். “அந்த நேரத்தை நான் ஒரு வருஷமாகத் துரத்துகிறேன். ஆனால் அந்தக் கடைசிச் சுற்று... நான் என்றால் நின்றிருப்பேன்.”

குணலட்சுமி குனிந்து, கட்டியிருந்த சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள்.

பத்தாவது சுற்றுக்குள் மற்ற மூவரும் பின்தங்கிவிட்டார்கள். பிறகு இருவரும்தான். சப்பாத்துக் காலும் வெறுங்காலும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. குணலட்சுமி முந்தினால் சுமனாவதி ஒட்டினாள். சுமனாவதி முந்தினால் குணலட்சுமி ஒட்டினாள். இத்தனை ஆண்டு ஓட்டத்தில் ஒரு பெண்ணின் மூச்சு இவ்வளவு நேரம் தன் பக்கத்தில் கேட்டதில்லை. இது முடியக்கூடாது என்று அவள் விரும்பினாள். அந்த விருப்பத்தால்தானோ, காலில் வலு இல்லாமல்தானோ, மணி அடித்தபின் சுமனாவதி பிய்த்துக்கொண்டு ஓடியபோது அவளால் கூடப் போக முடியவில்லை. இரண்டாவது. அவளுடைய நேரத்தைச் சுமனாவதி உடைத்துவிட்டாள்.

வலித்தது. அதை இல்லையென்று சொல்லமுடியாது. புல்லில் முகம் புதைத்துக் கிடந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கை அவளைத் தூக்கியது. இருவரும் உடம்பைத் தணிக்க மெல்ல ஒரு சுற்று ஓடினார்கள். ஓடி முடித்துக் குணலட்சுமி பையிலிருந்து பினாட்டைப் பிய்த்துக் கொடுத்தாள். சுமனாவதி வாயில் போட்டு, முகத்தைச் சுளித்து, கொஞ்ச நேரம் மென்று, பிறகு கையை நீட்டி இன்னொரு துண்டு கேட்டாள்.

“அடுத்த வருஷம்?” என்றாள்.

“ஓம், அடுத்த வருஷம்” என்றாள் குணலட்சுமி தமிழிலேயே. அது சுமனாவதிக்கு விளங்கியது.

அடுத்த ஆண்டு பொலிஸார் வைத்த தீயில் யாழ்ப்பாண நகரம் எரிந்தது. அதற்குப் பிறகு ரயிலில் கொழும்புக்குப் போவது பற்றி வீட்டில் பேசவே முடியாது. “நீ போனா நான் உயிரோடை இருக்கமாட்டன்” என்றாள் தங்கமுத்து. தகப்பனும் இத்தனை ஆண்டுக்குப் பிறகு வாய் திறந்து, “இந்த முறை விடு பிள்ளை” என்றார். அவருக்காக விட்டாள்.

போட்டி நடந்த அன்று காலையில் அவள் வழக்கம்போலக் கடற்கரை வீதியால் ஓடினாள். கொழும்பில் இந்நேரம் சுமனாவதி காலை உதறிக்கொண்டு மைதான வாசலைப் பார்ப்பாள் என்று நினைத்தாள். பிறகு பார்ப்பதை விட்டுவிடுவாள். ஏன் வரவில்லை என்று அவளுக்கு யார் சொல்வார்கள்?

பலாலிக்கு இப்பால் இராணுவ ஜீப் ஒன்று வந்து குறுக்கே நின்றது. பின்னாலிருந்த இளம் சிப்பாய் துவக்கை நிமிர்த்தினான். முன்னாலிருந்தவன் இறங்கி, “எங்கே ஓடுறது? ஏன் ஓடுறது?” என்று கொச்சைத் தமிழில் கேட்டான்.

“பயிற்சி.”

“என்ன பயிற்சி? யார் துரத்தினது?”

“ஒருத்தரும் இல்லை. நான் தனியத்தான்.”

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். பின்னால் நீண்டு கிடந்த வெறும் வீதியையும் பார்த்தான். உண்மையாகவே யாரும் துரத்தவில்லை என்பது அவனுக்குப் புதினமாக இருந்திருக்கவேண்டும். “ஓட வேண்டாம். ஓடினால் சுடும். நடந்து போ.”

அவள் திரும்பி நடந்தாள். பதினொரு ஆண்டாக ஓடிய வீதியில் நடப்பது வேறொருவர் வளவுக்குள்ளால் போவது போலிருந்தது. பனைகள் நகரவே மாட்டேன் என்றன. வியர்வை ஆறிக் குளிர்ந்தது. ஜீப் அவளுக்குப் பின்னால் கொஞ்சத் தூரம் ஊர்ந்து வந்தது. பிறகு இரைந்துகொண்டு திரும்பிப் போனது. சத்தம் முழுக்க அடங்கும்வரை நடந்தாள். வளைவு வந்தது. ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு ஓடத் தொடங்கினாள்.

வீட்டு வாசலில் தங்கமுத்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். “ஏன் இண்டைக்குச் சுணங்கினது?”

“கொஞ்சத் தூரம் நடந்தனான்” என்று சொல்லிவிட்டுக் குணலட்சுமி கிணற்றடிக்குப் போனாள்.